துரைமார் வந்த ஊர்: ஸ்காட்லாந்து வேர்களைப் பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி?

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்லிஸ் காசலைப் பார்க்காத பேராக் தமிழர் குறைவு. பள்ளிச் சுற்றுலாவில் போனவர்கள் உண்டு. கல்யாணப் படம் எடுக்கப் போனவர்கள் உண்டு. கட்டி முடிக்கப்படாத அந்த மாளிகைக்குச் செங்கல் சுமந்தவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர்கள் பலர். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பரவிய விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேற்கூரைச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளைக்காரத் துரை ஒருவரின் உருவமும் நிற்கிறது.

அந்தத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-இல் பிறந்தவர். அவரை நாம் ‘இங்கிலீஷ்காரத் துரை’ என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் அவர் இங்கிலாந்துக்காரர் அல்லர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே பகுதியில் உள்ள டல்லஸ் என்ற சிற்றூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தம் தோட்டத்துக்கு அவர் வைத்த ‘கிந்தா கெல்லாஸ்’ என்ற பெயரில் பாதி நம் கிந்தா. மறுபாதி அவருடைய ஊர்ப் பண்ணையின் பெயர்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். 1821-இல் சிங்கப்பூரில் கத்ரி நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்துக்காரர். சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் வில்லியம் ஃபார்க்கரும் அப்படியே. நிபோங் திபாலில் உள்ள காலிடோனியா தோட்டத்தின் பெயரே ஸ்காட்லாந்துக்கு ரோமானியர்கள் வைத்த பழம்பெயர்தான். ரப்பர்த் தோட்டங்களின் மேனேஜர்களிலும், இன்ஜினியர்களிலும், டாக்டர்களிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசமாக இருந்தனர்.

ஆகவே தோட்டப்புறக் குடும்பங்கள் சிலவற்றில், ‘எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு துரை’ என்ற பேச்சு மெல்லிய குரலில் இன்றும் வழங்குவதில் வியப்பில்லை. சில வீடுகளில் அது பெருமை. சில வீடுகளில் மூடி மறைத்த சேதி. இப்படிப்பட்டவர்களுக்கும், ஸ்காட்லாந்து வழிவந்த யுரேஷியக் குடும்பத்தில் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. உலகில் முன்னோர்களைத் தேடுவதற்கு எளிதான நாடுகளில் ஸ்காட்லாந்தும் ஒன்று. பதிவேடுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். எந்தப் பதிவேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் வீட்டுப் பெட்டியைத் திறங்கள்

ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் நுழைய மூன்று விவரங்கள் வேண்டும்: முழுப் பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, பிறந்த ஊர் அல்லது மாவட்டம். ‘ஸ்மித் துரை’ என்பது மட்டும் போதாது. ஸ்காட்லாந்தில் மிக அதிகமாக வழங்கும் குடும்பப் பெயரே ஸ்மித்தான்.

இந்த மூன்றையும் தேட வேண்டிய இடம் ஸ்காட்லாந்து அன்று, மலேசியாவும் சிங்கப்பூரும்தான். பாட்டியின் பிறப்புப் பத்திரம், தேவாலயத்தில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு, திருமணப் பதிவு, பழைய கடிதங்களின் உறை, புகைப்படத்தின் பின்பக்க எழுத்து என ஒன்றையும் விடாதீர்கள். பத்து காஜாவில் உள்ளது போன்ற பழைய கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டங்களும் உதவும். வெள்ளைக்காரர்களின் கல்லறைக் கற்களில் சில சமயம் பிறந்த ஊரும் செதுக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது பழைய நாளேடுகள். சிங்கப்பூர் தேசிய நூலகம் நூற்றாண்டு காலப் பத்திரிகைகளை மின்படிவமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயரைத் தட்டினால், எந்த ஆண்டில் எந்தத் துரை மாற்றலாகி வந்தார், எப்போது ‘ஹோம் லீவ்’ போனார், எங்கே இறந்தார் என்ற துணுக்குகள் கிடைக்கக்கூடும். அக்காலத்து வணிக முகவரி ஏடுகளில் தோட்டங்களின் பெயரோடு மேனேஜர், உதவி மேனேஜர் பெயர்களும் அச்சாகியுள்ளன. தோட்டத்தின் பெயரும், பாட்டி பிறந்த ஆண்டும் தெரிந்தால், அந்த ஆண்டில் அங்கே யார் யார் துரையாக இருந்தார்கள் என்ற சிறு பட்டியல் கைக்கு வந்துவிடும்.

1855: நினைவில் நிறுத்த வேண்டிய ஆண்டு

ஸ்காட்லாந்துப் பதிவேடுகளை இரண்டாகப் பிரிக்கும் கோடு 1855 ஜனவரி 1. அன்றுதான் அரசாங்கம் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கட்டாயமாகப் பதியத் தொடங்கியது. இங்கிலாந்து 1837-லேயே தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்து 18 ஆண்டுகள் பிந்தினாலும், தொடங்கும்போது நிறையக் கேள்விகளோடு தொடங்கியது. அதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம்.

எடுத்துக்காட்டாக இறப்புப் பதிவு. ஸ்காட்லாந்தில் 80 வயதுக் கிழவர் இறந்தாலும், அவருடைய தந்தை பெயரும், தாயின் பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் எழுதப்படும். 1860-இல் இறந்த ஒருவரின் பதிவு, 1780 வாக்கில் அவரைப் பெற்றவர்களைக் காட்டிக் கொடுக்கும். ஒரே தாளில் இரண்டு தலைமுறை. அதே காலத்து இங்கிலாந்து இறப்புப் பதிவில் இந்த வசதி இல்லை.

திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயர்களும் தாய்மாரின் பிறந்தவீட்டுப் பெயரோடு இருக்கும். பிறப்புப் பதிவில் நமக்குப் பிடித்த ஒரு விவரமும் உண்டு: குழந்தை பிறந்த மணி. நம் வீடுகளில் ஜாதகம் கணிக்கக் குறித்து வைப்பதை, ஸ்காட்லாந்து அரசாங்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்து வைத்தது.

முதல் ஆண்டான 1855-க்குத் தனிச் சிறப்பு உண்டு. அந்த ஆண்டுப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், திருமணமான நாளும் இடமும், அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். இறப்புப் பதிவில் பிள்ளைகளின் பெயரும் வயதும்கூட உண்டு. இவ்வளவையும் எழுதி மாளாது என்று பதிவாளர்கள் திணறியதால் 1856-இல் கேள்விகளைக் குறைத்தார்கள். பெற்றோரின் திருமண நாளும் இடமும் 1861 முதல் பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தன. உங்கள் குடும்பக் கிளையில் யாரேனும் 1855-இல் பிறந்தோ இறந்தோ இருந்தால், அவர் நேரடி முன்னோராக இல்லாவிட்டாலும், கொள்ளுத்தாத்தாவின் தம்பியாக இருந்தாலும், அந்தப் பதிவை எடுத்துப் பாருங்கள்.

ஓர் இரவில் வீட்டில் இருந்தவர்கள்: குடிக்கணக்கு

பிறப்பு, இறப்புப் பதிவுகள் தனி மனிதரைக் காட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பத்தையே ஒரே கூரையின்கீழ் காட்டும். பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கு எடுத்தார்கள். ஆனால் வீடுவீடாகப் பெயர் எழுதி, அது முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது 1841 முதல்தான்.

1841 கணக்கைப் படிக்கும்போது கவனம் தேவை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 39 வயதுக்காரர் 35 ஆவார். யார் யாருக்கு என்ன உறவு என்ற விவரமும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பிறந்த ஊர் இருக்காது. அதே மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டுமே இருக்கும்.

1851 முதல் நிலைமை மாறியது. குடும்பத் தலைவருக்கு உறவு, உண்மையான வயது, தொழில், பிறந்த மாவட்டம், பிறந்த பங்கு எல்லாம் வந்துவிட்டன. இந்தக் கடைசி விவரம்தான் சாவி. அது கிடைத்தால்தான் அதற்கு முந்தைய தேவாலயப் பதிவேட்டில் எந்த ஊரைத் திறப்பது என்று தெரியும்.

பிற்காலக் கணக்குகள் ஒவ்வொன்றும் ஒரு கூடுதல் கேள்வி கேட்டன. 1861-இல் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் வாழ்ந்த குடும்பங்களை அதில் பார்க்கலாம். லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண் என்ன சொல்கிறது என்பது விளக்காமலே புரியும். 1881 முதல் கேலிக் மொழி பேசுகிறவரா என்று கேட்டார்கள். 1911-இல் மணமான பெண்களிடம், திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பிள்ளை உயிரோடு உண்டு என்று கேட்டார்கள். ‘பெற்றது ஒன்பது, இருப்பது ஐந்து’ என்ற இரண்டு எண்கள் ஒரு தாயின் கதையைச் சொல்லிவிடும்.

கணக்கெடுப்பு விவரங்கள் 100 ஆண்டு மூடி வைக்கப்படும். 1921 கணக்கு 2022-இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் 1931 கணக்குத் தாள்கள் 1942-இல் தீயில் அழிந்தன. ஸ்காட்லாந்துத் தாள்கள் பிழைத்தன. அவை திறக்க இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1855-க்கு முன்: பங்குப் பதிவேடுகள்

அரசாங்கப் பதிவு வருமுன் ஊர்க் கணக்கை வைத்திருந்தது தேவாலயம். ஸ்காட்லாந்து ஏறக்குறைய 900 பங்குகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பங்கிலும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகரோ, சபையின் கணக்கரோ பதிவேடு எழுதினார். கணக்கர் வேலையைப் பல ஊர்களில் பள்ளி ஆசிரியரே பார்த்தார். எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது பெர்த் மாவட்டத்தின் எரோல் என்ற ஊருடையது. அது 1553-இல் தொடங்குகிறது. 1855-க்கு வழிசெய்த சட்டத்தின்படி இந்த ஏடுகளெல்லாம் தலைமைப் பதிவாளரின் பொறுப்புக்கு வந்தன. அதனால்தான் இன்று ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

எல்லா ஊருக்கும் 1553 முதல் ஏடு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மலைப்பகுதிகளிலும் மேற்குத் தீவுகளிலும் பல பங்குகளின் ஏடு 18-ஆம் நூற்றாண்டிலோ 19-ஆம் நூற்றாண்டிலோதான் தொடங்குகிறது. இடையிடையே பல ஆண்டுகள் விடுபட்டும் இருக்கும்.

இந்த ஏடுகளில் மூன்று வகைப் பதிவுகள் உண்டு.

ஒன்று, ஞானஸ்நானம். பிறந்த நாளும் சேர்ந்து இருந்தால் அதிர்ஷ்டம். பழைய ஏடுகளில் தந்தை பெயர் மட்டும் இருப்பதும் உண்டு.

இரண்டு, திருமண அறிவிப்பு. நம் கிறிஸ்துவக் குடும்பங்களில் ‘ஓலை வாசிப்பது’ என்கிறோமே, அதேதான். இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப் போகிறார்கள், தடை இருந்தால் சொல்லலாம் என்று ஞாயிறுதோறும் சபையில் வாசிப்பார்கள். அந்த அறிவிப்புத்தான் ஏட்டில் இருக்கும். எனவே அது திருமணம் நடந்ததற்குச் சான்று ஆகாது, நடக்கவிருந்ததற்கே சான்று. மணமகளின் ஊர் வேறாக இருந்தால் இரண்டு ஊர் ஏட்டிலும் பதிவு இருக்கலாம். இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாத விவரம் மற்றதில் இருக்கும்.

மூன்று, அடக்கம். இது மிகவும் குறைவு. பல ஊர்களில் இந்த ஏடே இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருக்கும். சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணியைத் தேவாலயம் வாடகைக்குக் கொடுத்தது. அந்த வாடகைக் கணக்கில் இறந்தவரின் பெயர் வரும். பணம் கட்டித் துணி எடுக்க முடியாத ஏழையின் பெயர் அதிலும் வராமல் போயிருக்கலாம்.

பெயர் ஏன் ஏட்டில் இல்லை?

‘தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை’ என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். கிடைக்காததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வரி. 1783-இல் அரசாங்கம் ஒவ்வொரு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டது. ஏழைகளுக்கு விலக்கு இருந்தும், பலர் பதியாமலே விட்டுவிட்டார்கள். வரி 1794-இல் நீங்கியது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் பிறந்தவர்கள் ஏட்டில் இல்லாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இரண்டாவது, சபைப் பிளவு. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தனர். அவர்களோடு போன குடும்பங்களின் பிள்ளைகள் பழைய பங்கு ஏட்டில் இருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே பிரிந்த சிறு சபைகளும் இருந்தன. கத்தோலிக்கர்களுக்குத் தனி ஏடுகள்.

மூன்றாவது, சபையில் நடக்காத திருமணம். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஆணும் பெண்ணும் சாட்சிகள் முன்னிலையில் ‘நாங்கள் கணவன் மனைவி’ என்று அறிவித்தாலே திருமணம் செல்லும். இங்கிலாந்திலிருந்து ஓடிவந்த காதலர்கள் எல்லையோர கிரெட்னா கிரீனில் மணமுடித்தது இந்தச் சட்டத்தால்தான். இவ்வகைத் திருமணத்துக்கு 1940-இல்தான் முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

நான்காவது, எழுத்து. 17-ஆம் நூற்றாண்டு ஏடுகள் பழைய கையெழுத்து முறையில் உள்ளன. ஆங்கிலம் நன்கு தெரிந்தவருக்கும் அது ஓலைச்சுவடி படிப்பது போலத்தான் இருக்கும்; எழுத்து எழுத்தாகப் பழக வேண்டும். ஒரே குடும்பப் பெயரை மூன்று போதகர்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். நம் பெற்றோரின் அடையாள அட்டையில் முனியாண்டியும் சுப்பம்மாவும் என்னென்ன வடிவத்தில் எழுதப்பட்டார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

பெயர் சொல்லும் உறவு

தமிழில் ‘பேரன்’ என்பது ‘பெயரன்’ என்பதன் மருவல். தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் ஆழமாக வேரூன்றியிருந்தது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர். மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர். இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயர். மூன்றாம் மகளுக்குத் தாயின் பெயர்.

எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்த சட்டமன்று இது. ஆனாலும் குடிக்கணக்கில் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால், தாத்தா பாட்டியின் பெயரை ஊகித்து, அந்த ஊகத்தைப் பங்கு ஏட்டில் சோதிக்கலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு: மூன்று அண்ணன் தம்பிகளும் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் மூன்று ஜான் மெக்டானல்டுகள் இருப்பார்கள். எவர் நம்மவர் என்று தாயின் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

நடுப்பெயரையும் கவனியுங்கள். குடும்பப் பெயர் போல ஒலிக்கும் நடுப்பெயர் பல சமயம் தாயின், அல்லது பாட்டியின், பிறந்தவீட்டுப் பெயராக இருக்கும்.

‘மெக்’ என்று தொடங்கும் பெயர்கள் நமக்கு விளங்கக்கூடியவைதான். கேலிக் மொழியில் அதற்கு ‘மகன்’ என்று பொருள். நம் அடையாள அட்டையில் ‘அனாக் லெலாகி’ செய்யும் வேலையை அது செய்தது. பெண்ணுக்கு ‘நிக்’ என்ற முன்னொட்டு உண்டு. அது நம் ‘அனாக் பெரெம்புவான்’. வேறுபாடு என்னவென்றால், காலப்போக்கில் ‘மெக்’ ஒட்டிய பெயர் பரம்பரைக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

இன்னொன்று: ஸ்காட்லாந்தில் மணமான பெண் சட்டப்படி பிறந்தவீட்டுப் பெயரை இழக்கவில்லை. பதிவேட்டிலும் கல்லறைக் கல்லிலும் அவள் சொந்தப் பெயரோடே நிற்கிறாள். முன்னோர் தேடலில் பெரும்பாலும் பெண்வழிதான் அறுந்துபோகும். அங்கே அது அறுவதில்லை.

கெல்லாஸ் துரையை வைத்து ஒரு பயிற்சி

கெல்லி ஸ்மித்தையே எடுத்துக்கொள்வோம். பிறந்தது 1870, எனவே முதலில் தேட வேண்டியது அரசாங்கப் பிறப்புப் பதிவு. பங்கு டல்லஸ், மாவட்டத்தின் பெயர் அன்று எல்ஜின். மோரே என்று மட்டும் தேடி ஏமாறக் கூடாது. பழைய மாவட்டப் பெயர்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பிறப்புப் பதிவில் பெற்றோர் பெயரும், அவர்கள் மணந்த நாளும் இடமும் கிடைக்கும். அடுத்து 1871, 1881 குடிக்கணக்கு: உடன்பிறந்தவர்கள், தந்தையின் தொழில், தாய் தந்தை பிறந்த பங்குகள். பிறகு பெற்றோரின் இறப்புப் பதிவு: அவர்களைப் பெற்றவர்களின் பெயர்கள். அதன் பிறகே 1855-க்கு முந்தைய பங்கு ஏடு. நிகழ்காலத்திலிருந்து பின்னோக்கி, ஒரு படி ஏறிய பிறகே அடுத்த படி. ‘பெயர் ஒத்துப்போகிறது’ என்று நடுவில் இரண்டு படி தாண்டினால் அடுத்தவர் வீட்டுத் தாத்தாவைக் கும்பிட வேண்டியிருக்கும்.

அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்தார். இப்படி வெளிநாட்டில் இறந்தவர்கள் உள்ளூர்ப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தூதரகப் பதிவுகளும், உயில், சொத்துப் பதிவுகளும்தான் வழி. ஸ்காட்லாந்தில் உயில் பதிவுகள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே பாதுகாக்கப்படுகின்றன.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

இந்தப் பதிவேடுகளெல்லாம் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. காப்பகமே நடத்தும் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ என்ற இணையத்தளத்தில் பதிந்துகொண்டு பெயர் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். மூல ஏட்டின் படத்தைத் திறக்கப் பெரும்பாலும் ‘கிரெடிட்’ வாங்க வேண்டும். கணக்கு பவுண்டில் என்பதால் கண்டதையெல்லாம் திறந்தால் வெள்ளி கரைந்துவிடும். முதலில் அட்டவணையில் வயது, பங்கு, ஆண்டு என்று வடிகட்டிய பிறகு திறங்கள். ‘ஃபேமிலிசர்ச்’ என்ற இலவசத் தளத்திலும் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவுகளின் அட்டவணை உண்டு.

அண்மைக் காலப் பதிவுகளின் படங்கள் இணையத்தில் திறக்காது. பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அட்டவணை வேறு, மூல ஏடு வேறு. அட்டவணையில் இல்லாத தொழில், சாட்சி, ஓரக்குறிப்பு எல்லாம் மூலத்தில்தான் இருக்கும். பின்னாளில் திருத்தப்பட்ட பதிவுகளுக்கு ஓரத்தில் குறிப்பு இருக்கும். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளையின் தந்தை யார் என்று நீதிமன்றம் முடிவு செய்திருந்தால், அதுவும் இந்தத் திருத்தப் பதிவேட்டில் வரும். பிறர் இணையத்தில் போட்டிருக்கும் வம்ச மரங்களைத் துப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

தந்தை பெயர் இல்லாத பிள்ளைகள்

இனி, கடினமான பகுதி. மணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்ணை ஸ்காட்லாந்துச் சபை சும்மா விடவில்லை. சபை மூப்பர்கள் கூடி விசாரித்தார்கள். தந்தை யார் என்று கேட்டார்கள். சபை நடுவே நிற்க வைத்துக் கண்டித்தார்கள். அந்த விசாரணைக் குறிப்புகள் மூப்பர் மன்ற ஏடுகளில் இன்றும் உள்ளன. பால்காரப் பெண், பண்ணை வேலைக்காரி எனப் பலருடைய பேச்சு அவற்றில் பதிவாகியிருக்கிறது. அவர்களை அவமானப்படுத்த எழுதிய அந்த ஏடு, இன்று அவர்கள் வழிவந்தோருக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்கிறது.

நம் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு விசாரணையும் நடக்கவில்லை, ஏடும் இல்லை. உள்ளூர்ப் பெண்களோடு வாழ்வது கூடாது என்று 1909-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் குரூ பிரபு அரசாங்க அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை விட்டார். தோட்டத் துரைமார் அரசாங்க ஊழியர் அல்லர். அப்படி ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டது என்பதே அக்கால நிலைமைக்குச் சான்று. ஆனால் பிள்ளைகளின் பத்திரத்தில் தந்தை பெயருக்கான இடம் காலியாகவோ, வேறொருவர் பெயரோடோ இருப்பதுதான் வழக்கம். ஸ்காட்லாந்துப் பதிவேடு எவ்வளவு நிறைவாக இருந்தாலும், அங்கே எழுதப்படாத உறவை அது காட்டாது.

சில வழிகள் திறந்திருக்கின்றன. சில துரைமார் உயிலில் பிள்ளைக்கோ தாய்க்கோ தொகை எழுதி வைத்திருக்கலாம்; உயிலைப் படியுங்கள். மரபணுச் சோதனை மற்றொரு வழி. கொள்ளுத்தாத்தாவின் மரபணு நமக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு வரும். ஸ்காட்லாந்தில் உள்ள தூரத்து உறவினர் யாரேனும் அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால் தொடர்பு தெரியும். பெயர்ப் பட்டியலில் உள்ள துரைமாரில் எவர் என்று அதை வைத்துச் சுருக்கலாம்.

இத்தகைய தேடல் பலிக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. வில்லியம் ஃபார்க்கருக்கும் மலாக்காவின் நோனியோ கிளெமன்டுக்கும் பிறந்த மகள் எஸ்தர். அவருடைய வழியில் வந்தவர்தான் கனடாவின் முன்னாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ. அவர் தாயாரின் முன்னோர்களைத் தேடியபோது இந்தச் சங்கிலி பொதுவெளிக்கு வந்தது. வட இந்தியாவில், தேயிலைத் தோட்டத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காக ஸ்காட்லாந்துப் போதகர் கிரகாம் 1900-இல் காலிம்போங்கில் விடுதிப்பள்ளி தொடங்கினார். அங்கிருந்து 1908-க்கும் 1938-க்கும் இடையே சுமார் 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இரண்டு பக்கத்து ஏடுகளையும் புரட்டித் தாயையும் தந்தையையும் தேடுகிறார்கள்.

உறவு கிடைத்தால் நிதானம் வேண்டும். அந்தத் துரைக்கு ஊரில் வேறு குடும்பம் இருந்திருக்கலாம். அவர்களுக்கு இந்தச் செய்தி முற்றிலும் புதிதாக இருக்கலாம். முதல் கடிதத்தில் உரிமை பேசாமல், உங்களிடம் உள்ள ஆவணத்தையும் படத்தையும் காட்டி, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். நம் பக்கத்திலும் இந்தப் பேச்சைக் கேட்க விரும்பாத பெரியம்மா இருப்பார். அவருக்கும் மரியாதை வேண்டும். பாட்டியின் வாழ்க்கையை ஒரு துரையின் பெயராகச் சுருக்கிவிடவும் கூடாது. அவர் பால் வெட்டியது, பிள்ளையைத் தனியாக வளர்த்தது, பிறகு யாரை மணந்தார் என்பதெல்லாம் அந்த வம்ச மரத்தில் இடம்பெற வேண்டியவைதாம்.

எதை முதலில் செய்வது?

ஸ்காட்லாந்தின் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த ஆண்டு பார்த்தாலும் அவை அங்கேயே இருக்கும். பாட்டி பிறந்த தோட்டம் எது, அன்று கிராணியாக இருந்தவர் யார், துரையின் பங்களாவில் வேலை செய்தவர் யார் என்று சொல்லக்கூடிய 85 வயதுப் பெரியவர்தான் காத்திருக்க மாட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாகிவிட்டன. தோட்ட ஆபீஸ் செக்ரோல்கள் பல இடங்களில் குப்பையோடு போய்விட்டன.

எனவே இந்த வார இறுதியில் கணினியைத் திறக்குமுன் குடும்பத்தின் மூத்தவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, துரையை ஆட்கள் என்ன பட்டப்பெயரால் அழைத்தார்கள் என்பது வரை குறித்துக்கொள்ளுங்கள். எடின்பரோ ஏட்டில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதை அந்தப் பேச்சுத்தான் உங்களுக்குச் சொல்லும்.